ஒரு தாள், எட்டுப் பக்கம்: பள்ளிபாளையத்தில் ஒரு கோடைக்கால ஓவிய வகுப்பு எப்படி இருக்கலாம்?

பள்ளிபாளையம் காகிதம் செய்யும் ஊர். காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோட்டுக்கு நேர் எதிரே, சேஷசாயி காகித ஆலை 1962 முதல் இயங்குகிறது. கரும்புச் சக்கையும் மரமும் உள்ளே போகின்றன. எழுதும் தாளும் அச்சுத் தாளும் வெளியே வருகின்றன. ஆலையைத் தாண்டினால் தெருவுக்குத் தெரு விசைத்தறி. கட்டம், கோடு, கரை, நிறப் பொருத்தம் என்றெல்லாம் பேச இந்த ஊரில் யாரும் ஓவியக் கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை. லுங்கிக்குப் பாவு போடுகிறவருக்கே அது அத்துப்படி. தாளும் நிறமும் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊரில், கோடை விடுமுறையில் ஓவிய வகுப்புக்குப் போகும் பிள்ளை என்ன வரைந்துகொண்டு வீடு திரும்புகிறது?

பெரும்பாலும் இரண்டு மலை. நடுவே பாதிச் சூரியன், அதிலிருந்து கிளம்பும் ஓர் ஆறு, கரையில் ஓட்டு வீடு, வீட்டோரம் தென்னை, வானத்தில் டிக் அடித்தாற்போல் நாலைந்து பறவை. கன்னியாகுமரியிலும் இதே படம், காஷ்மீரத்திலும் இதே படம். பள்ளிபாளையத்துப் பிள்ளைக்கு மலை தெரியாமல் இல்லை. திருச்செங்கோடு போகும் பேருந்தில் ஏறினால் மலை கண்ணில் படும். சங்ககிரிப் பக்கம் போனால் கோட்டை மலை. அந்த மலைகள் பாறையும் புதருமாகக் கரடு தட்டி நிற்பவை. படத்தில் வருவதோ முக்கோணம். ஆற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோடையில் ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கும் காவிரியைப் பாலத்தின் மேலிருந்து தினமும் பார்க்கிற பிள்ளை, தாளில் நீலக் கோடு இழுத்து அலை போடுகிறது.

குறையைப் பிள்ளை மேல் போடுவதற்கில்லை. வகுப்பு கேட்பது அந்தப் படத்தை. பெற்றோர் கேட்பது சட்டம் போட்டு மாட்ட ஒரு படத்தை. போட்டி கேட்பது ஒரே ஒரு தாளை. நான் முன்வைப்பது இதற்கு மாற்றான ஓர் ஏற்பாடு. கோடை வகுப்பு முடியும்போது பிள்ளையின் கையில் தானே வரைந்து, மடித்துச் செய்த ஒரு படப்புத்தகம் இருக்கவேண்டும். தனிப்படம் கற்றுத்தராத சிலவற்றைப் புத்தகம் கற்றுத்தரும். அதற்கான காரணங்களை ஆராயுமுன், குழந்தை ஓவியம் பற்றி உலகம் எப்படி யோசித்து வந்தது என்று பார்க்கவேண்டும். அந்த யோசனையிலும் ஒரு கோணல் உண்டு.

கொர்ராடோ ரிச்சி என்ற இத்தாலியக் கலை வரலாற்றாசிரியர் 1880களின் தொடக்கத்தில், போலோஞா நகரில், மழைக்கு ஒரு வளைவு மண்டபத்தில் ஒதுங்கினார். சுவரில் குழந்தைகள் கிறுக்கியிருந்த படங்கள் கண்ணில் பட்டன. பெரியவர்களின் கிறுக்கலுக்கும் சிறுவர்களின் கிறுக்கலுக்கும் உள்ள வேறுபாடு அவரை யோசிக்க வைத்தது. 1887இல் அவர் வெளியிட்ட சிறு நூல், குழந்தை ஓவியம் பற்றிய தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று. (பிற்காலத்தில் குழந்தைப் புத்தகங்களுக்கான உலகின் பெரிய சந்தை 1964 முதல் அதே போலோஞாவில் கூடத் தொடங்கியது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.) பத்தாண்டு கழித்து, 1897இல், வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் சிறுவர்களுக்கென்றே ஓர் ஓவிய வகுப்பைத் தொடங்கினார். அன்றைய பள்ளிகளில் ஓவியம் என்றால் கனசதுரத்தையும் கூம்பையும் பார்த்து அப்படியே வரைவது. சிசெக் அதை ஒதுக்கிவைத்தார். குழந்தை தானாக வளரும், நாம் தடுக்காமல் இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை. இன்று கோடை முகாம் விளம்பரங்களில் வரும் 'படைப்பாற்றலை வெளிக்கொணர்தல்' என்ற வாசகத்துக்கு மூல ஊற்று அங்கேதான் இருக்கிறது.

அடுத்து வந்தவர்கள் அளவெடுத்தார்கள். பிரான்சில் லூக்கே தன் மகள் வரைந்த படங்களையே வைத்து 1913இல் ஒரு நூல் எழுதினார். குழந்தை கண்ணால் காண்பதை வரைவதைவிட, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்றார். வீட்டுச் சுவருக்கு ஊடாக உள்ளே இருக்கும் மேசையும் மனிதர்களும் தெரியும்படி வரைவது தவறான பார்வையால் வருவதில்லை. உள்ளே அவை இருப்பது பிள்ளைக்குத் தெரியும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ரோடா கெலாக் ஏறக்குறைய பத்து லட்சம் படங்களைச் சேகரித்து, உலகெங்கும் குழந்தைகள் ஒரே மாதிரிக் கிறுக்கலில் தொடங்குகிறார்கள் என்று 1969இல் எழுதினார். விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூல் ஓவிய ஆசிரியர்களின் வேதமாகவே இருந்தது. இரண்டு முதல் நான்கு வயது வரை கிறுக்கல், ஏழு வரை உருவத்துக்கு முந்திய தேடல், ஒன்பது வரை தனக்கென ஒரு வடிவக் குறி, அதன்பின் 'நிஜம் போல் வரவில்லையே' என்ற கவலை என்று அவர் வயதுக்கு வயது கட்டம் போட்டார். வண்ணம் தீட்டும் புத்தகங்களை அவர் கடுமையாக எதிர்த்தார். அடுத்தவர் போட்ட கோட்டுக்குள் அடைபட்ட பிள்ளை தன் கோட்டை மறந்துவிடும் என்பது அவர் வாதம்.

இவை எல்லாம் பயனுள்ளவை. ஆனால் 1977இல் பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் எழுதிய ஒரு கட்டுரை இந்தக் கோட்டையில் ஓட்டை போட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் அவர்கள் வரைந்த ஒவ்வோர் உருவமும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் ஒரு மூலம் இருந்தது: படக்கதை, தொலைக்காட்சி, அண்ணன் வரைந்தது, பக்கத்து இருக்கைத் தோழன் வரைந்தது. பிள்ளைகள் படங்களிலிருந்தே படம் கற்கிறார்கள். 'சுதந்திரமாக' வரையவிட்ட சிசெக் வகுப்பின் படங்களையே எடுத்துப் பாருங்கள்: பூ அலங்காரம், தடித்த கறுப்புக் கோடு, அடுக்கடுக்கான வடிவம் என்று ஒரே வார்ப்பில் இருக்கும். ஆசிரியர் வாய் திறக்காவிட்டாலும் அவர் முகம் மலர்கிற படம் எது என்பது பிள்ளைக்குத் தெரிந்துபோகும்.

ஆகவே இரண்டு மலைப் படத்தில் குற்றம், அது காப்பி என்பதில் இல்லை. காப்பி அடிக்கக் கிடைத்த மூலம் ஒன்றே ஒன்று என்பதில் இருக்கிறது. பள்ளிபாளையத்தைச் சுற்றி மூலத்துக்கா பஞ்சம்? மாவட்டத் தலைநகரான நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊர். லாரியின் நெற்றியிலும் பின்கதவிலும் தாமரையும் மயிலும் கண்ணும் எழுதுகிற ஓவியர்கள் மாவட்டம் முழுக்க உண்டு. மார்கழியில் வாசலெல்லாம் புள்ளிக் கோலம். துண்டின் கரையிலும் லுங்கியின் கட்டத்திலும் நிறம் எப்படி மாறி மாறி வருகிறது என்பது வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. ஆற்றைத் தாண்டிப் பவானி போனால் ஜமக்காளத்தின் பட்டைகள். கோடை வகுப்பு முதலில் செய்யவேண்டிய வேலை, பிள்ளை பார்த்து வரையத்தக்க மூலங்களைப் பலவாக்குவது. அதற்கு உபதேசம் தேவையில்லை. வகுப்பறையில் நாலு துண்டையும் ஒரு லாரிக் கதவின் புகைப்படத்தையும் மாட்டினால் போதும்.

அன்றாடச் சூழலிலிருந்தே ஓவியத்தை எடுப்பதை இந்தியாவில் ஒருவர் நீண்டகாலம் செய்து பார்த்திருக்கிறார். சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத், 1944 முதல் 1962 வரை சேவாகிராமத்தில், காந்தியின் நயி தாலிம் கல்விமுறைப் பள்ளியில் கலை கற்பித்தார். நூற்பு, தோட்ட வேலை, சமையல் ஆகியவற்றோடு ஓவியமும் அன்றாடத்தின் பகுதியாக இருந்த பள்ளி அது. கலையைப் பாடவேளைக்குள் அடைக்காமல், செய்கிற வேலையிலிருந்து எடுக்கவேண்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. காந்தியப் பள்ளி என்றால் இராட்டை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அவருடைய நூலைப் படித்துப் பார்க்கலாம்.

இன்னொரு மரபு போட்டி மரபு. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949இல் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கினார். விரைவிலேயே அது உலகப் போட்டியாக வளர்ந்தது. அதே சங்கர்தான் 1957இல் குழந்தைகளுக்கு மலிவு விலையில் நல்ல புத்தகம் கொடுக்கச் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டை நிறுவினார். அவருக்குப் படமும் புத்தகமும் ஒரே வேலையின் இரு கைகள். நமது ஊர்கள் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டன. இன்று வங்கி, அரிமா சங்கம், நகைக்கடை, கட்சி, பள்ளி ஆண்டுவிழா என எல்லாரும் ஓவியப் போட்டி வைக்கிறார்கள். குழந்தைகள் புத்தகம் செய்யும் விழாவை யார் வைக்கிறார்கள்?

தமிழர்களுக்குள் விடுமுறை ஓவிய வகுப்பின் வரலாறு தேடினால் யாழ்ப்பாணத்தில் நிற்கவேண்டும். குருநகரில் பிறந்த ஓவியர் அ. மாற்கு, கொழும்பில் டேவிட் பெயின்ரரிடம் பயின்று ஊர் திரும்பியபின், விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நடத்தினார். விடுமுறை நாள்களில் கூடி வரைந்து பழகியவர்களின் கழகம் அது. பின்னாளில், போர் சூழ்ந்த 1980களிலும் அவர் இளையவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஓவியம் சொல்லிக்கொடுத்தார். ஈழத்துப் பெண் ஓவியர்கள் சிலர் அவரிடமிருந்து வந்தவர்கள். விடுமுறை என்பதைப் பொழுதுபோக்கு என்று கொள்ளாமல் ஒரு கல்விப் பருவமாகக் கொண்டதால் விளைந்தது இது.

நம் மாவட்டத்தில் கோடை விடுமுறைக்கு வேறு அர்த்தம் உண்டு. மதிப்பெண்ணுக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகள் நிறைந்த இடம் நாமக்கல். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மை காயுமுன் பதினொன்றாம் வகுப்புப் பாடம் தொடங்கும் வழக்கம் இங்கேதான் செழித்தது. தறிக்குடோன் பிள்ளைகளின் கோடை அதைவிட வேறு: தறிக்கு நூல் தார் சுற்றலாம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளலாம், தறிச் சத்தத்துக்கு நடுவே தூங்கலாம்.

பள்ளி நாள்களில் ஓவியம் கிடைத்தால் கோடை வகுப்பைப் பற்றி இவ்வளவு எழுதவேண்டியதில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்த பள்ளிகளில், கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்கவேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அந்த ஏற்பாடு இல்லை. லோவன்ஃபெல்டின் கணக்கில் பிள்ளை தன் கோட்டைக் கண்டுபிடிக்கும் வயதும், லூக்கேயின் கணக்கில் சுவர் ஊடாகப் பார்க்கும் வயதும் இந்த ஐந்து வகுப்புக்குள்தான் வருகின்றன. 'நிஜம் போல் வரவில்லை' என்று பிள்ளை பென்சிலைக் கீழே வைக்கும் வயதில்தான் ஓவிய ஆசிரியர் வகுப்புக்குள் நுழைகிறார்.

அவரும் எப்படி நுழைகிறார்? 2012இல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தது. தொகை பின்னர் படிப்படியாகக் கூடியது. ஆனால் மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. அதற்காக அவர்கள் திரும்பத் திரும்பப் போராடினார்கள். பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும் ஒரே மாதத்தில் ஓவிய ஆசிரியருக்குக் கூலி இல்லாமல் இருந்தது! மே மாதத்தில் அவர் வாடகை அறையிலோ திருமண மண்டபத்து மாடியிலோ கோடை வகுப்பு வைத்தால், அது பெரும்பாலும் வயிற்றுப்பாட்டுக்கு. அவரிடம் போய் இரண்டு மலையை ஏன் கற்றுத் தருகிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. பத்து நாளில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் காட்ட ஒரு 'அழகான' படம் வேண்டும். அதற்குக் குறுக்கு வழி, கரும்பலகையில் போட்டு அதைப் பார்த்து வரையச் சொல்வதுதான். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் குறைந்த செலவில் கோடைப் பயிற்சி நடத்துகின்றன என்றாலும், அவை பெரும்பாலும் மாவட்டத் தலைநகர்களோடு நின்றுவிடுகின்றன. பள்ளிபாளையத்துப் பிள்ளை நாமக்கல் போய்த் திரும்ப அரை நாள்.

இந்த ஆசிரியருக்கு உதவக்கூடிய கருவி என்றே புத்தகம் செய்தலை நான் பார்க்கிறேன். செலவு குறைவு, வீட்டில் காட்ட ஒரு பொருளும் கிடைக்கும்.

செலஸ்தேன் பிரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர் 1924இல், பார்-சூர்-லூ என்ற சிற்றூர்ப் பள்ளிக்கு ஒரு சின்ன அச்சுப்பொறி வாங்கினார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். உரக்கப் பாடம் நடத்த மூச்சு போதாது. பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே எழுத்துக் கோத்து, லினோ செதுக்கிப் படம் போட்டு அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் தொலைவிலிருந்த இன்னொரு பள்ளிக்குத் தபாலில் போயின. அங்கிருந்து அவர்களின் தாள்கள் வந்தன. படிக்கப் போகிறவர் யார் என்று தெரிந்தபின் பிள்ளைகள் எழுத்துப் பிழையைத் தாமே திருத்தினார்கள். தமிழகத்துக்கு இது அந்நியமான யோசனை அல்ல. கையெழுத்துப் பத்திரிகை என்ற ஒன்று நம் ஊர்களில் இருந்தது. ஒரே பிரதி, அட்டைப்படம் கையால் வரைந்தது, கை மாறிக் கை மாறித் தெருவெல்லாம் படிக்கும். எத்தனையோ எழுத்தாளர்களும் ஓவியர்களும் அதில்தான் முதல் பக்கத்தைப் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் அறுந்துபோனதைப் பற்றி யாரும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை.

இன்று நம் அச்சுப்பொறி தெருமுனை ஜெராக்ஸ் கடை. ஒரு தாளை நீளவாக்கில் பாதியாகவும், பிறகு குறுக்கே நான்காகவும் மடித்தால் எட்டுக் கட்டம் விழும். நீளவாக்கு மடிப்பில், நடுவிலுள்ள இரண்டு கட்டங்களின் அகலத்துக்கு மட்டும் பிளேடால் கீறி, இருபுறமும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் தையலே இல்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகிவிடும். படமெல்லாம் தாளின் ஒரே பக்கத்தில் இருப்பதால், பிரித்துப் போட்டால் ஒரே ஒரு நகலெடுப்பில் மொத்தப் புத்தகமும் வந்துவிடும். முப்பது பிள்ளைகளுக்கு முப்பது பிரதி. கறுப்புப் பேனாக் கோட்டில் வரைந்து நகலெடுத்து, ஒவ்வொரு பிரதிக்கும் கையால் நிறம் தீட்டலாம். பெரிதாக வேண்டுமென்றால் 22க்கு 28 அங்குலச் சார்ட் தாளில் செய்யலாம். பக்கம் 7க்கு 11 அங்குலம் வரும்.

இங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும். விரித்த தாளில் ஒரு வரிசைக் கட்டங்கள் தலைகீழாக நிற்கவேண்டும். பெரியவர்களே தடுமாறுவார்கள். அச்சகத்தில் ஒரு பாரத்துக்குப் பக்கம் வைப்பது இதே கணக்குதான். வெற்றுத்தாளை மடித்து, பக்க எண் போட்டு, மறுபடி பிரித்துப் பார்க்கும் பிள்ளை ஓவிய வகுப்பில் வடிவியல் படித்துக்கொண்டிருக்கிறது.

தாளுக்கு வாட்டம் உண்டு என்பதும் அங்கேயே தெரியும். ஆலையில் கூழ் ஓடும் திசையில் நார்கள் படுத்துக்கொள்கின்றன. அந்த வாட்டத்தோடு மடித்தால் மடிப்பு மொழுக்கென்று விழும், குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடிக்கும். ஒரு துண்டுத் தாளின் ஒரு முகத்தை நனைத்தால் அது சுருளும். சுருளின் அச்சு எந்தப் பக்கமோ அதுவே வாட்டம். நார் நனைந்தால் நீளத்தில் நீளாது, அகலத்தில் உப்பும் என்பதே காரணம். நகலெடுக்கும் ஏ4 தாளில் வாட்டம் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். எட்டுப் பக்கப் புத்தகத்தின் முதுகு மடிப்புகள் அதற்குக் குறுக்கே விழும். மெல்லிய தாளில் பரவாயில்லை, சார்ட் தாளில் பார்த்துச் செய்யவேண்டும். காகித ஆலை ஊரில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது? அப்பாவோ மாமாவோ அந்த ஆலைக்கு வேலைக்குப் போகிறவராக இருக்கக்கூடும்.

கதைக்கு வருவோம். எட்டுப் பக்கத்தில் அட்டை முன்னும் பின்னும் போனால் மிஞ்சுவது மூன்று விரிப்பு. மூன்றே மூன்று. தனிப்படத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடைத்துவிடலாம்: மலை, ஆறு, வீடு, சூரியன். மூன்று விரிப்பில் எது முதலில், எது அடுத்து, எதை விடுவது என்று முடிவெடுத்தாகவேண்டும். பக்கம் திருப்பும் அந்த நொடிக்கு என்ன வைத்திருக்கிறோம் என்று யோசிக்கவேண்டும். எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்பூச்சிப் புத்தகம், காகிதத்தில் துளை போடும் கருவியோடு விளையாடியதில் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பூச்சி தின்ற இடமெல்லாம் பக்கத்தில் உண்மையான ஓட்டை. இந்த வட்டாரத்தில் ஜக்கார்டு தறியைப் பார்த்த பிள்ளைக்கு ஓட்டை போட்ட அட்டை புதிதில்லை; ஓட்டை இருக்கும் இடத்தில் ஒரு நூல் எழும், இல்லாத இடத்தில் எழாது, அப்படித்தான் பூ விழுகிறது. ஓட்டையே கதை சொல்லும் என்பதைத் தறிக்குடோனில் கண்ட பிள்ளை, கார்லின் புத்தகத்தைக் கண்டு வியக்காமல் 'இதை நானும் செய்வேன்' என்று உட்காரலாம்.

நிறம் பற்றி ஓர் எச்சரிக்கை. சாயப்பட்டறை நிறைந்த ஊர் என்பதால் சாயப்பொடி எளிதில் கிடைக்கும். பிள்ளைகளின் கையில் அது போகக்கூடாது. சில அசோ சாயங்கள் புற்றுநோய் தரும் வேதிப்பொருள்களாக உடைபவை என்பதால் இந்திய அரசு 1990களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தடைசெய்தது. காவிரியில் கலந்த சாயக்கழிவைப் பற்றி இந்த ஊருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. செங்கல்தூள், செம்மண், கரி, மஞ்சள், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் வரும் சிவப்பு ஆகியவை போதும். வேலம்பிசினை ஊறவைத்துக் குழைத்தால் தாளில் பிடிக்கும். மஞ்சள் வெயிலில் வெளுத்துப்போகும். அதையும் பிள்ளைகள் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும்.

எழுத்தைப் பொறுத்தவரை, எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்ல, ஆசிரியர் அப்படியே எழுதித்தரவேண்டும். அப்படியே என்றால் அப்படியேதான். 'அம்மாயி' என்று பிள்ளை சொன்னால் அதைப் 'பாட்டி' ஆக்கக்கூடாது. 'வந்துட்டாங்கொ' என்பதை 'வந்துவிட்டார்கள்' என்று திருத்தத் துடிக்கும் கையைக் கட்டிப்போடவேண்டும். ஏட்டுத் தமிழைக் கற்றுக்கொடுக்கப் பள்ளியில் பத்து மாதம் இருக்கிறது.

இனிக் கடினமான பகுதி. பிள்ளையைத் தன் ஊரை வரையச் சொன்னால் ஊரே வரும். தறிச் சத்தத்தில் அம்மாவும் அப்பாவும் கத்திப் பேசுவது வரும். இரவு ஷிப்ட் வரும். முன்பணம் வரும். மானிடவியலாளர் ஹெர்ட் டி நேவ் 1990களில் பக்கத்து ஊரான குமாரபாளையத்தில் தங்கி ஆராய்ந்து, முதலாளியிடம் வாங்கும் பாக்கி விசைத்தறித் தொழிலாளியை எப்படிக் கட்டுகிறது, தொழிலாளி அதை எப்படித் தனக்குச் சாதகமாகத் திருப்பவும் பார்க்கிறார் என்று 1999இல் எழுதினார். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025 ஜூலையில் பள்ளிபாளையத்தின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. அந்த வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கோடை விடுமுறை உண்டு.

இங்கே ஆசிரியர் செய்யக்கூடிய தவறு இரண்டு. 'இதெல்லாம் வேண்டாம்பா, சந்தோஷமா எதாவது வரை' என்பது ஒன்று. பிள்ளையின் துயரத்தைத் தோண்டி எடுத்துக் கண்காட்சி வைத்து, வந்தவர்களைக் கண்கலங்க வைப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் இப்போது அதிகம் நடக்கிறது. அதற்கு நிதியும் கிடைக்கிறது. புத்தக வடிவம் இங்கே ஒரு காப்பாக நிற்கிறது. மூன்று விரிப்பில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது பிள்ளையின் தீர்மானம். அட்டையில் தன் பெயரைப் போடுவதா, வேண்டாமா என்பதும் அதன் தீர்மானம். கடன்காரர் வருவதை வரைந்த பிள்ளை அடுத்த பக்கத்தில் அவரை ஆகாயத்தாமரைக்குள் தள்ளிவிடலாம். தனிப்படத்தில் கடன்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். புத்தகத்தில் அடுத்த பக்கம் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, பிள்ளைகள் செய்த புத்தகம் அழகாக இருக்குமா? எல்லாம் இருக்காது. கோணலாக மடிந்திருக்கும், எழுத்து ஓரத்தில் முட்டி நிற்கும். அழகான கைப்புத்தகத்துக்குத் தமிழகத்திலேயே உதாரணம் உண்டு. சென்னை தாரா பதிப்பகம் பழைய பருத்தித் துணியிலிருந்து செய்த கையால் ஆன தாளில், கையாலேயே திரை அச்சு போட்டு, கோண்டு ஓவியர்களின் மரங்கள் பற்றிய நூலை 2006இல் கொண்டுவந்தது. 2008இல் அதே போலோஞா புத்தகச் சந்தையில் அது விருது வாங்கியது. ஆசிரியர் அதைத் தேடிப் பிடித்துப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். பருத்தித் துணியிலிருந்து தாள் வரும் என்பது நெசவு ஊருக்கு இனிக்கும் செய்தி. ஆனால் அதை இலக்காக வைக்கக்கூடாது. அது பல ஆண்டு கைப்பழக்கம் உள்ள பெரியவர்களின் வேலை. பிள்ளையின் புத்தகத்தை அளக்க ஒரே கேள்வி போதும்: கடைசிப் பக்கம் வரை இன்னொரு பிள்ளை படிக்கிறதா?

அதற்குப் புத்தகம் இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகவேண்டும். இந்தியாவிலேயே விடுதலைக்குப் பின் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது 1948இல் சென்னை மாகாணம். வீட்டுவரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். தறி ஓட்டும் வீடும் கட்டுகிறது. பள்ளிபாளையத்து நூலகத்தில் ஒரே ஒரு தட்டை ஊர்ப் பிள்ளைகள் செய்த புத்தகங்களுக்கு ஒதுக்கி, மற்ற நூல்களைப் போலவே பதிவேட்டில் எண் போட்டு, வீட்டுக்கு எடுத்துப்போகவும் விடவேண்டும். காகித ஆலை ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் சில கட்டுத் தாளைக் கொடுத்தால் அதன் கணக்கில் அது தெரியவும் தெரியாது. நகராட்சி மே மாதத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தைத் திறந்துவிடலாம். அரசு பகுதிநேர ஓவிய ஆசிரியருக்குப் பன்னிரண்டு மாதத்துக்கும் சம்பளம் கொடுத்து, மே மாதத்து வேலையாக இதையே ஒப்படைக்கலாம். இவற்றில் எதுவும் நடக்கும்வரை காத்திருக்கவேண்டாம் என்று கோடை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சார்ட் தாளும் ஒரு பிளேடும் இருந்தால் முதல் வகுப்பைத் தொடங்கிவிடலாம். பிளேடு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.